குடைமிளகாயும் தோட்டா வாரும்

ஓவியம் ஒன்றைக் காணுங்கால் அதில் ஒரு விளக்கு எழுதப்பட்டிருப்பின், "இவ்விளக்கு எதனைக் குறிக்கின்றது?" என வினவுவது கற்றோரிடையே ஊறிய வழக்கம். எரியும் விளக்கு அறிவு. அணைந்த விளக்கு சாவு. உடைந்த குடம் யாக்கை நிலையாமை. வாடிய மலர் இளமை நிலையாமை. இங்ஙனம் ஒரு வாய்பாடு கைவசம் இருந்துவிட்டால், பிறகு படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. படத்திலுள்ள பொருள்களின் பட்டியலைக் கேட்டாலே போதும்! செய்யுள் நடத்தும் ஆசிரியரும் சில வேளைகளில் "உட்பொருள் யாது?" என்பதையே முதல் வினாவாக எழுப்பிவிடுகின்றனர். செய்யுளில் வரும் கொக்கு எங்கே நின்றது, எந்த நீரில் நின்றது, எதனை நோக்கி நின்றது என்பவற்றைக் காணுமுன்னரே, அது இன்னாரைக் குறிக்கும் என்று மாணவன் ஏட்டில் எழுதி முடித்துவிடுகிறான்.

அன்றாடப் பொருள்கள் கலையில் பெறும் பொருள் வெளியிலிருந்து ஒட்டப்படுவதா, பொருளின் உள்ளிருந்தே விளைவதா என்னும் வினா, நிழற்படக் கலையில் ஒரு காலத்தே இருவரிடையில் மிகக் கூர்மையாக எழுந்தது. ஒருவர் ஆசிரியர்; மற்றவர் அவருடைய மாணவி. ஆசிரியர் அமெரிக்கரான எட்வர்டு வெஸ்டன் (1886-1958). மாணவி, இத்தாலியில் பிறந்து மெக்சிகோவில் பெயர் பெற்ற டீனா மோடோட்டி (1896-1942). வெஸ்டனின் புகழ்மிக்க படம் ஒரு குடைமிளகாய். மோடோட்டியின் புகழ்மிக்க படங்களுள் ஒன்று தோட்டாக்கள் செருகிய ஒரு வாரும் ஒரு மக்காச்சோளக் கதிரும். இரண்டும் சமையலறையிலோ குடிசை மூலையிலோ கிடக்கக் கூடியவை. அவற்றைக் கொண்டு இவ்விருவரும் செய்தவை முற்றும் வேறு. வெஸ்டனின் கட்சியே கலையின் கட்சி, மோடோட்டியினுடையது வெறும் பிரசாரம் என்று பலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஆராயத்தக்கது.

பழம், பாத்திரம், மலர், நூல் முதலியவற்றை மேசைமேல் அடுக்கி வைத்து வரையும் ஓவிய வகையை ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்பர். பிரெஞ்சு மொழியில் அதற்குரிய பெயர் 'இறந்த இயற்கை' என்று பொருள்படுவது. தமிழில் அசையாப் பொருட்படம் எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு ஓவியர்கள் இவ்வகையில் பேரளவில் உழைத்தனர். ஹார்மென் ஸ்டீன்விக் என்பார் 1640-ஐ ஒட்டி வரைந்த ஓர் ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. மேசையின் நடுவே ஒரு மண்டை ஓடு. அதனைச் சுற்றி ஒரு கைக்கடியாரம், அணைந்த விளக்கு, நூல்கள், குழலும் யாழ்வகைக் கருவியும், ஒரு சப்பானிய வாள், ஒரு பெரிய சங்கு. சாய்ந்து விழும் ஒளிக்கற்றை ஒன்று நேரே மண்டை ஓட்டின்மேல் படிகின்றது. கல்வி, இன்பம், வீரம், செல்வம் எல்லாம் மாயும் என்பதே படத்தின் கூற்று. விவிலியத்தின் பிரசங்கி நூல் பேசும் 'வீண்' என்னும் சொல்லையே இவ்வகைப் படங்களுக்குப் பெயராக வைத்தனர்.

அக்காலத்து ஒல்லாந்தர் இப்படத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்திருப்பர். வாள் என்றால் இது, சங்கு என்றால் இது என்னும் அகராதி அவர்கள் எல்லார்க்கும் பொது. ஆனால் அந்த அகராதியை அறியாதார் இன்று அப்படத்தின் முன் நின்றாலும் ஏமாற்றம் அடைவதில்லை. சங்கின் மெழுகுபோன்ற மினுக்கமும், மண்டை ஓட்டில் பல்வரிசை குறைந்துள்ள இடமும், பழந்தாளின் சுருங்கிய ஓரமும் அவர்களை நிறுத்திவிடுகின்றன. உலகப் பொருள் யாவும் வீண் என்று சாற்ற வந்த ஓவியர், அவ்வீண் பொருள்களின்மேல் தூரிகையை எத்துணை அன்புடன் ஓட்டியிருக்கிறார்! சமயம் ஒன்று சொல்லியது. கை வேறொன்று செய்தது. படம் இன்றும் வாழ்வது கையினாலேயாம்.

நிழற்படம் தோன்றிய காலத்தில் அசையாப் பொருள்களே அதற்கு முதல் நண்பர்கள். காரணம் கலைக் கொள்கை அன்று, வசதி. தகட்டில் உரு பதிய நெடுநேரம் வேண்டியிருந்தது. மனிதன் அசைவான், குதிரை அசையும், சுண்ணச் சிலை அசையாது. பிரெஞ்சுக்காரரான டகேர் 1837-இல் சுண்ணச் சிலைகளையும் சில கலைப்பொருள்களையும் அடுக்கி வைத்துப் படமெடுத்தார். ஆங்கிலேயரான டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் 24 படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பீங்கான் கலங்கள், கண்ணாடிக் கலங்கள், நூலடுக்கு, பழக்கூடை ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்நூலின் ஒரு படத்தில், திறந்த கதவொன்றின் ஓரத்தே ஒரு துடைப்பம் சாய்ந்து நிற்கிறது. இவ்வளவு எளிய பொருளைப் படமெடுப்பது தகுமோ என்பார்க்கு விடையாக, ஒல்லாந்து ஓவியர்கள் அன்றாடக் காட்சிகளை வரைந்தமையைத் தமக்குச் சான்றாகக் காட்டினார் டால்பட். அப்படத்தில் கதவருகே தொங்கும் விளக்குக்கும் துடைப்பத்துக்கும் பின்வந்தோர் ஏற்றிச் சொன்ன தத்துவங்கள் பல. டால்பட் தம் குறிப்பில் அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை.

ஓவியத்துக்கும் நிழற்படத்துக்கும் இடையே இங்கு ஒரு வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது. ஓவியன் விளக்கு இல்லாத அறையில் இருந்துகொண்டே விளக்கை எழுதலாம். நிழற்படக்காரனுக்கு அது இயலாது. படப்பெட்டியின் முன்னே ஒரு விளக்கு, இன்ன கடையில் வாங்கிய, இன்ன இடத்தில் நெளிந்த, இன்னார் துடைத்து வைத்த ஒரு விளக்கு இருந்தாக வேண்டும். ஆகவே நிழற்படத்தில் பொருள் முன்னும் கருத்துப் பின்னுமாகவே வருகின்றன. 'விளக்கு' என்னும் பொதுமை அங்கே நுழைய வழியில்லை. அந்த ஒரு விளக்கே நுழையும். நிழற்படத்தில் சின்னம் படைப்பது கடினமாவதும், படைத்துவிட்டால் அது ஆழமாகப் பதிவதும் இதனாலேயே.

வெஸ்டனும் மோடோட்டியும் 1923-ஆம் ஆண்டின் நடுவில் கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி மெக்சிகோ சென்றனர். மோடோட்டி நிழற்பட நிலையத்தையும் வீட்டையும் நடத்துவது. வெஸ்டன் அதற்கு ஈடாகக் கலை கற்பிப்பது என்பது அவர்களிடையே இருந்த உடன்பாடு. மோடோட்டி இத்தாலியில் உதினே நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே நெசவாலையில் வேலை செய்தவர். 1913-இல் தந்தை சென்ற வழியே சான்பிரான்சிஸ்கோ சேர்ந்து, மேடையிலும் பின்னர்ப் பேசாப் படங்களிலும் நடித்தவர். மெக்சிகோவில் 1910-இல் தொடங்கிய புரட்சியின் சூடு அப்போது முற்றும் ஆறியிருக்கவில்லை. ரிவேரா, ஓரோஸ்கோ முதலிய ஓவியர்கள் அரசுக் கட்டடங்களின் சுவர்களில் உழவரையும் தொழிலாளரையும் பெரிது பெரிதாக எழுதிக் கொண்டிருந்தனர்.

இச்சூழலின் நடுவே வெஸ்டன் எதனைப் படமெடுத்தார் என்பது வியப்பூட்டுவது. 1925-இல் தம் வீட்டுக் கழிப்பறையின் பீங்கான் பீடத்தை அவர் நாட்கணக்கில் பார்த்துப் பார்த்துப் படமெடுத்தார். வீட்டார் எள்ளி நகையாடினர். அவரோ அதன் வளைவுகளிலே கிரேக்கரின் வெற்றித் தேவதைச் சிலையினது வீச்சைக் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். இது கேலியன்று, உண்மையிலேயே அவர் அவ்வாறு கருதினார். மெருகேறிய எஃகாயினும் துடிக்கும் தசையாயினும் அந்தப் பொருளின் சாரத்தையே படப்பெட்டி பற்ற வேண்டும் என்பது அவர் மெக்சிகோவில் வகுத்துக்கொண்ட கொள்கை. பொருள் எதற்கும் பிரதிநிதி அன்று, பொருள் பொருளே.

இக்கொள்கைக்கு வந்த முதற் சோதனை சுவையானது. வெஸ்டன் 1926-இன் இறுதியில் கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு அவர் எடுத்த சங்குப் படங்களை மெக்சிகோவிலிருந்த மோடோட்டிக்கு அனுப்பினார். மோடோட்டி அவற்றை ரிவேரா, ஓரோஸ்கோ முதலிய நண்பர்களுக்குக் காட்டினார். பார்த்தவர் யாவரும் அச்சங்குகளிலே காமக் குறிப்பைக் கண்டனர். மோடோட்டியே தம் உள்ளமும் உடலும் கலங்கியதாக மடல் எழுதினார். வெஸ்டன் திகைத்துப் போனார். சங்கை எடுக்கும்போது அத்தகைய நினைவு ஒன்றும் தமக்கு இருந்ததில்லை என்று நாட்குறிப்பில் வற்புறுத்தி எழுதினார். படைத்தவன் சொல்லைக் கொள்வதா, கண்டவர் கண்ணைக் கொள்வதா? வெஸ்டனின் நேர்மையை ஐயுற இடமில்லை. ஆனால் தாம் நினையாதது படத்தில் இல்லை என்று அவர் கருதியது பிழை. சங்கின் வளைவு வெஸ்டனைக் கேட்டு உண்டானதன்று.

1930-இல் குடைமிளகாய் வந்தது. கார்மல் என்னும் கடற்கரை ஊரில் வெஸ்டனின் துணைவியாயிருந்த சோனியா நோஸ்கோவியாக் மிளகாய்களை வாங்கி வந்தார். வெஸ்டன் அவற்றைப் பல பின்னணிகளில் வைத்துப் பார்த்தும் நிறைவு காணவில்லை. ஒரு நாள் ஒரு தகரப் புனலைப் படுக்க வைத்து, அதன் அகன்ற வாயில் மிளகாயை வைத்தார். தகரத்தின் உட்புறம் பட்டுத் திரும்பிய ஒளி மிளகாயின் மடிப்புகளுக்குள்ளும் மெல்லப் புகுந்தது. நிமிடக் கணக்கில் தகட்டைத் திறந்து வைத்து எடுத்த அப்படமே 'மிளகாய் எண் 30' என்று உலகறிந்தது. அதில் ஒருவர் குனிந்த முதுகைக் காண்பார். ஒருவர் தழுவிய இருவரைக் காண்பார். ஒருவர் இறுகப் பிடித்த கையைக் காண்பார். வெஸ்டன் இவையனைத்தையும் மறுத்தார். எனினும் இது மிளகாய்தான், ஆனால் மிளகாயினும் மேற்பட்டது என்று அவரே எழுதிவிட்டார்! பொருள் பொருளே என்று முழங்கியவர், வெற்றி பெற்ற நாளில் அவ்வேலியைத் தாமே தாண்டினார். மிளகாய்களோ வாடத் தொடங்கியதும் உணவிற் சேர்ந்தன. மாதிரியாக இருந்தவரையே தின்னும் நரமாமிச உண்ணி என்று தம்மைக் கேலி செய்ததையும் வெஸ்டன் குறித்து வைத்திருக்கிறார்.

அப்படத்தின் சிறப்பு எங்குள்ளது? புனலில் உள்ளது என்று சொன்னால் சிறுமைப்படுத்துவதாகாது. மேசைமேல் வைத்த மிளகாய் 'காய்கறி' என்னும் இனத்தைச் சேர்ந்துவிடுகின்றது. பக்கத்தில் கத்தி இல்லாவிட்டாலும் கத்தி நினைவுக்கு வருகின்றது. புனலின் இருண்ட வாய்க்குள் வைத்தவுடன் அதற்கு அக்கம்பக்கம் அற்றுப் போயிற்று. அளவும் அற்றுப் போயிற்று. அது ஒரு சாணோ, ஒரு மலையோ என்று சொல்ல இயலாத நிலை. பொருளை அதன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்தெடுத்து, உருவம் ஒன்றையே எஞ்சவிடுவது வெஸ்டனின் வழி. இவ்வழியால் அவர் பெற்றது பெரிது. இழந்ததும் ஒன்று உண்டு. அம்மிளகாயை விளைவித்தவன் யார், விற்றவள் யார், அது எந்நாட்டு நிலத்தது என்பவற்றுக்கு அந்தப் புனலுக்குள் இடமில்லை.

மோடோட்டியும் தொடக்கத்தில் ஆசிரியரின் வழியே சென்றார். 1924-இல் எடுத்த 'ரோஜாக்கள்' என்னும் படம் அதற்குச் சான்று. சட்டம் முழுதும் ரோஜா. நான்கே மலர்கள், இதழ்கள் அவிழ்ந்து சற்றே துவண்ட நிலை. கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றுமாறு பதித்த படமும் அக்காலத்ததே. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயின் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. வாழ்க்கையிலேயே கலையை மிகுதியாகச் செலவிட்டுவிடுவதால் கலைக்குக் கொடுக்கத் தம்மிடம் அதிகம் எஞ்சுவதில்லை என்று 1925-இல் வெஸ்டனுக்கு எழுதினார். 1927-இல் மெக்சிகோப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அவ்வாண்டுதான் தோட்டா வாரும் சோளக் கதிரும் அவர் படப்பெட்டியின் முன் வந்தன.

அது ஒரே படமன்று, ஒரு வரிசை. ஒன்றில் தோட்டா வார், சோளக் கதிர், கிதார். இன்னொன்றில் தோட்டா வார், சோளக் கதிர், கதிரரிவாள். பொருள்கள் கிட்ட நெருங்கிப் பார்க்கப்பட்டுள்ளன. அலங்காரத் துணி இல்லை, மேசை இல்லை, மண்டை ஓடும் இல்லை. கருத்தை அறிவது எளிது: வார் புரட்சிப் படைஞனுடையது, கதிர் உழவனின் உணவு, கிதார் புரட்சிக் கதைகளைப் பாட்டாகப் பாடிய மக்களுடையது, அரிவாள் நிலத்தில் உழைப்பவனுடையது. 1917-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் உழவர்க்கு நிலம் தருவதாக உறுதி கூறியிருந்த நாடு அது. இவ்வளவையும் ஒரு துண்டு விளம்பரத்திலும் அச்சிட்டு விடலாமே, படம் எதற்கு என்று கேட்பவர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை எனல் வேண்டும்.

வாரில் தோட்டாக்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கதிரில் மணிகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. தோட்டாவின் உருண்ட முனையில் படும் ஒளி, மணியின் உருண்ட முனையிலும் அவ்வாறே படுகின்றது. கண் வாரிலிருந்து கதிருக்குச் செல்லும்போது, எங்கே உலோகம் முடிந்து தானியம் தொடங்கிற்று என்று ஒரு நொடி தடுமாறுகின்றது. கதிரின் நேர்மைக்கு எதிராக வாரின் வளைவு. அவ்வளவையே திரும்பச் சொல்வது அரிவாள். இது வெஸ்டனிடம் கற்ற பாடம் அல்லாமல் வேறென்ன? உருவத்தைப் பார்க்கக் கற்ற கண்ணுக்குத்தான் தோட்டாவும் சோளமணியும் உடன்பிறப்புகள் என்று தெரியும். உணவுக்காகவே போர் நடந்தது என்னும் செய்தியை மோடோட்டி தலைப்பில் எழுதவில்லை. மணியும் தோட்டாவும் தாமே அதனைச் சொல்லிவிடுகின்றன.

தமிழாசிரியர்களுக்கு உள்ளுறை உவமம் புதியதன்று. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு அது பிறக்கும் என்பது தொல்காப்பியர் மதம். அந்நிலத்து மரமும் விலங்கும் பறவையும் உணவும் பறையுமே கருத்தைத் தாங்க வேண்டும். வேற்று நிலத்திலிருந்து பொருளைக் கொணர்ந்து நட்டால் அது உள்ளுறை ஆகாது. செய்யுளில் பேசுவோர், கேட்போர் உளர். நிழற்படத்தில் அவர் இலர். ஆகலின் இரண்டையும் முற்ற ஒப்பிடுதல் தகாது. ஆயினும் கருப்பொருள் என்னும் இவ்வொரு கருத்து மோடோட்டியின் படங்களைத் தரம் பிரிக்க நன்கு உதவுகின்றது. சோளமும் கிதாரும் தோட்டா வாரும் அந்நாளைய மெக்சிகோ மண்ணின் கருப்பொருள்கள். அவற்றுக்குப் பொருள் கற்பிக்க எவரும் வர வேண்டியதில்லை. அவை அம்மக்களின் வாழ்விலே முன்னமே பொருள் பெற்றிருந்தன.

அதே ஆண்டில் அவர் எடுத்த வேறொரு படத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அகன்ற விளிம்புடைய மெக்சிகோத் தொப்பி ஒன்றின்மேல் ஒரு சுத்தியலும் ஓர் அரிவாளும் கிடத்தப்பட்டுள்ளன. தொப்பி உழவன், சுத்தியலும் அரிவாளும் சோவியத்து நாட்டுக் கொடியில் இருந்தவை. அமைப்பில் பிழையில்லை. தொப்பியின் வட்டமும் அரிவாளின் பிறையும் அழகாகவே பொருந்துகின்றன. ஆனால் கண்டவுடன் விடை கிடைத்துவிடுகின்றது; கிடைத்தபின் கண்ணுக்கு வேலை இல்லை. சுத்தியல் இங்கே சுத்தியலாக வரவில்லை. அதனால் அடித்த ஆணி எதுவும் நினைவுக்கு வருவதில்லை. மோடோட்டியைப் பிரசாரக்காரர் என்று பழிப்போர் இப்படத்தை மட்டுமே எடுத்துக்காட்டுவார்களாயின், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இதனையும் தோட்டா வாரையும் ஒரே கட்டாகக் கட்டித் தள்ளிவிடுவதுதான் நியாயமன்று. அரசியல் இரண்டிலும் ஒன்றே, அளவிலும் குறைவில்லை. ஒன்று சின்னமாக நின்றுவிட்டது. மற்றது குறிப்பாக ஆழ்ந்தது. அரசியல் கலந்ததால் கலை கெட்டது என்பார் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, எது கெடுத்தது என்று காட்ட வேண்டும்.

(1991-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. நியூயார்க்கு ஏலத்தில் மோடோட்டியின் 'ரோஜாக்கள்' 165,000 டாலருக்கு விலை போயிற்று. ஆண்டு முடிவில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. இதிலிருந்து மலர்ப் படமே சிறந்தது என்று முடிவு கட்டியோரும் உண்டு. ஏலக்காரரின் சுத்தியலும் ஒரு சுத்தியலே; அதனைத் திறனாய்வுக் கருவி என்று கொள்ள வேண்டியதில்லை.)

இன்னும் ஒரு படம் எஞ்சியுள்ளது. இது மேலே சொன்ன இரு வழிகளிலும் எளிதில் அடங்காதது. கியூபா நாட்டு மாணவர் தலைவரும் அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியோருள் ஒருவருமான ஹூலியோ அந்தோனியோ மேயா, நாடு நீங்கி மெக்சிகோவில் வாழ்ந்தார். 1928-இல் மோடோட்டி அவருடைய தட்டச்சுப் பொறியைப் படமெடுத்தார். பொறி முழுதும் தெரியவில்லை. சாய்வாக, மிக அருகிலிருந்து, விசைகளின் வரிசையும் எழுத்துக் கம்பிகளின் அடுக்கும் நாடாவும் தெரிகின்றன. மேல் மூலையில் பொறியிற் செருகிய தாளின் ஒரு துண்டு, அதில் அடித்த சில சொற்கள். சொற்கள் முழு வாக்கியமாக இல்லை. திரோத்ஸ்கி எழுதிய ஒரு பகுதியிலிருந்து அடிக்கப்பட்டவை அவை. கலை எழுச்சியும் தொழில் நுட்பமும் ஒன்றிணைவதைப் பற்றியன.

எடுத்தபோது இதனை எவ்வாறு பார்த்திருப்பர்? இயந்திரத்தின் எழிலைக் காட்டும் படமென்று பார்த்திருப்பர். அக்காலத்து நிழற்படக்காரர் பலர் இயந்திரங்களின்மேல் காதல் கொண்டிருந்தனர். அவ்வகையில் இதுவும் ஒன்று. வெஸ்டன் பார்த்திருந்தால் வார்ப்பின் தெளிவைப் பாராட்டியிருப்பார் என்று கொள்ளலாம். எழுதுவோனின் படைக்கலம் பேனாவன்று, இப்பொறியே என்னும் குறிப்பும் அன்றே அதில் இருந்தது. அரிவாளும் தோட்டாவும் உழவனுக்கு எவ்வாறோ, அவ்வாறே விசைப்பலகை மேயாவுக்கு.

1929 சனவரி 10-ஆம் நாள் இரவு, மெக்சிகோ நகரத்துத் தெருவில் மோடோட்டியுடன் நடந்துகொண்டிருந்த மேயா சுடப்பட்டு இறந்தார். அவருக்கு அகவை 25. காவலர் மோடோட்டியையே பலகால் வினவினர். செய்தித்தாள்கள் சில அவருடைய ஒழுக்கத்தை இழித்து எழுதின. அதே ஆண்டு திசம்பரில் தேசிய நூலகத்தில் நடந்த தம் கண்காட்சியில் தட்டச்சுப் பொறிப் படத்தையும் அவர் வைத்தார். இப்போது அப்படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. விசைகள் அவையே, நாடா அதுவே. ஆயினும் முன்பு இயந்திரத்தின் எழிலாக இருந்தது, இப்போது கை வராத விசைப்பலகை ஆயிற்று. அரைகுறையாக நின்ற சொற்கள், அடிப்பதற்கு ஆளின்றி நின்றவை ஆயின. மேயாவின் முகத்தையும் மோடோட்டி படமெடுத்திருக்கிறார், உயிருடனிருந்தபோதும் இறந்த பின்னும். அவற்றினும் இப்பொறியே அவரை மிகுதியாக நினைவூட்டுவது விந்தை.

ஸ்டீன்விக் மண்டை ஓட்டை மேசைமேல் வைத்துச் சாவைக் குறித்தார். மோடோட்டி சாவைக் குறிக்க எண்ணவேயில்லை. படத்துக்குப் பின்னர்ச் சாவு வந்து பொருளின்மேல் அமர்ந்தது. இவ்வாறு அமர்வதற்கு அப்பொருளில் இடம் இருந்தது, அதனாலேயே அமர்ந்தது. அப்பொறி எந்தப் பொறியும் அன்று. ஒருவன் நாள்தோறும் விரல் வைத்த பொறி. படமெடுத்தவர் அதன் விசை ஒவ்வொன்றையும் தெளிவாகக் காணுமாறு அருகில் சென்றிருந்தார். பொதுப்படையான ஒரு தட்டச்சுப் பொறியை எழுத்தாளனின் சின்னமாகத் தூரத்தே நிறுத்தி எடுத்திருந்தால், மேயா இறந்த பின்னும் அது சின்னமாகவே இருந்திருக்கும். இங்கே வெஸ்டனின் பாடம் மோடோட்டியின் பக்கம் நின்று வேலை செய்தது: பொருளின் சாரத்தை முதலிற் பற்று என்பது. வெஸ்டன் ஒப்பாத வேறொன்றும் உடன் வேலை செய்தது. பொருளுக்கு உடையவன் ஒருவன் உண்டு என்பதை மோடோட்டி ஒருபோதும் மறக்கவில்லை. தகரப் புனலுக்குள் அவர் எதனையும் வைத்ததில்லை.

அக்கண்காட்சியை ஒட்டி ஓர் இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரையில், கலை, கலைஞர் என்னும் சொற்களைத் தம் வேலைக்குப் பிறர் வழங்குவது தமக்கு உவப்பில்லை. தாம் நிழற்படக்காரர், அவ்வளவே என்றார். இதனைப் பணிவு என்று கொள்வோர் உளர். கட்சிக் கொள்கை என்பாரும் உளர். எவ்வாறாயினும் பேசும் முறையில் இது வெஸ்டனின் குரலுக்கு மிக அருகில் உள்ளது. நிழற்படத்தை ஓவியம்போல் வேடமிட்டுக் காட்டுவதை அவரும் வெறுத்தவரே.

1930 பெப்ரவரியில் புதிய குடியரசுத் தலைவரைச் சுட முயன்ற வழக்கைக் காரணங்காட்டி மெக்சிகோ அரசு மோடோட்டியை நாடு கடத்தியது. பெர்லினில் சில மாதங்கள் படமெடுக்க முயன்றார். பின்னர் மாஸ்கோ சென்று கட்சி நிவாரணப் பணியில் மூழ்கினார். படப்பெட்டி கைவிட்டுப் போயிற்று. அவர் கப்பலேறிய அதே ஆண்டின் ஆகஸ்டுத் திங்களில்தான், கார்மலில் வெஸ்டன் தகரப் புனலுக்குள் மிளகாயை வைத்தார்.